கசியாத கல்

மழைக்காலத்தில் எங்கள் வீட்டு உப்பு ஜாடி அடுப்புக்குப் பக்கத்தில்தான் இருக்கும். வலியசாலையில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். கொஞ்சம் தள்ளி வைத்தால் இரண்டே நாளில் உப்பு நீர்த்துப் போய்விடும். நீங்கள் நாகர்கோவில்காரர் என்று சொன்னார்கள், இன்ஸ்பெக்டர். அங்கே காற்று சற்று உலர்ந்தது. உங்கள் வீட்டில் இந்தச் சிரமம் இருந்திருக்காது. உங்கள் ரைட்டர் மலையாளத்தில் எழுதிக்கொள்ளட்டும், நான் தமிழிலேயே சொல்கிறேன். கடைசியில் ஒருமுறை படித்துக் காட்டினால் போதும்.

பெயர் ஸ்ரீகண்டன். வயது நாற்பத்தேழு. மராமத்து ஆபீஸில் டிராஃப்ட்ஸ்மேன். இருபத்திரண்டு வருஷமாக, மற்றவர்கள் யோசித்த சுவர்களை டிரேசிங் துணியில் மை போட்டு எடுத்துக்கொண்டிருக்கிறேன். என் கோடு சுத்தமாக இருக்கும் என்று எல்லா எஞ்சினீயர்களும் சொல்வார்கள். கோடு சுத்தமாக இருக்கிறது என்பதற்கு மேல் அவர்கள் எதுவும் சொன்னதில்லை.

இந்த ஊரில் வீடு கட்டுவது வெட்டுக்கல்லில். பூமியிலிருந்து வெட்டி எடுக்கிற சிவப்புக் கல், தேன்கூடு மாதிரி உடம்பெல்லாம் துளை. வெயிலில் கல்லாக இருக்கும், மழையில் பஞ்சு மாதிரி குடிக்கும். இடவப்பாதிக்கு, உங்கள் வைகாசி நடுவில், மழை இறங்கினால் கர்க்கடகம், அதாவது ஆடி, முடிவதற்குள் இடுப்பு உயரத்துக்கு ஓதம் ஏறிவிடும். சுண்ணாம்புப் பூச்சு கொப்புளித்து உதிரும். அந்தச் சுவரோரம் படுக்கிறவர்களுக்கு இருமல் வரும். வரைபடத்தில் சுவர் என்பது இரண்டு கோடுதான். அந்த இரண்டு கோடுகளுக்கு நடுவில் தண்ணீர் நடந்து போவதை நான் மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன் என்று எனக்குத் தோன்றும்.

அப்படி யோசித்துத்தான் என் கல்லைச் செய்தேன். சிமென்டும் ஆற்று மணலும் சேர்த்து அச்சில் வார்த்தது. ஒன்றரை அடி நீளம், முக்கால் அடி அகலம். நடுவில் வெற்றிடம். வெளிப்பக்கம் ஒரு பலகை, உள்பக்கம் ஒரு பலகை, இரண்டையும் இணைக்க இரண்டு குறுக்குத் துண்டு. வெளிப்பலகையில் சவுக்காரத் தண்ணீரும் படிகாரத் தண்ணீரும் மாறி மாறிப் பூச வேண்டும். இரண்டும் சேர்ந்து துளைகளை அடைத்துவிடும். அதையும் மீறி ஈரம் வந்தால் நடுவில் இருக்கிற காற்று அதை நிறுத்திவிடும். யோசனை அவ்வளவுதான். நல்ல யோசனை. இப்போதும் அப்படித்தான் சொல்வேன்.

வார்த்துக் கொடுத்தவன் நேசையன். மார்த்தாண்டம் பக்கத்துக் கொத்தனார், மிஷன் கோயிலைச் சேர்ந்தவன். கரண்டியைக் கையில் பிடித்தால் வேறு ஆளாகிவிடுவான். மற்ற நேரத்தில் சிரித்துக்கொண்டே இருப்பான். பூஜப்புரைக்குப் போகும் வழியில் எனக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. அங்கே ஓலைப்பந்தல் போட்டு இரண்டு பேருமாக அச்சு செய்து, உடைத்து, மறுபடியும் செய்தோம். தெருவில் என்னை ‘ஓட்டைக்கல் ஐயர்’ என்று சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். நேசையன் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. ஒரே ஒரு தடவை மட்டும், காய்ந்த கல்லைத் தலைகீழாகத் திருப்பி உள்ளே பார்த்துவிட்டுச் சொன்னான்:

“சாமி, அடியில சின்னதா ஒரு துவாரம் விடணும். இல்லேன்னா உள்ள போற வெள்ளம் எங்க வழி போவும்?”

“தண்ணி உள்ள போகாது, நேசையா. போகாத தண்ணிக்கு வழி எதுக்கு?”

“மழை நாம சொன்னா கேக்குமா சாமி?” என்று சிரித்தான். நான் சிரிக்கவில்லை. துளை விட்டால் தண்ணீர் வரும் என்று நானே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். அவன் அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மலையாள வருஷம் ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு, கும்ப மாதத்தில், பொன்முடிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் டாக்டர் என்னைத் தேடி வந்தார். கோமதிநாயகம் என்று பெயர், திருநெல்வேலிக்காரர். தோட்டத்தில் கூலிக்காரர்கள் லைன்களில், மண் சுவர் வரிசை வீடுகளில், இருக்கிறார்கள், ஒவ்வொரு மழைக்கும் நெஞ்சு கட்டிச் சாகிறார்கள், அறுபத்துநான்கு அறைகள் புதிதாகக் கட்டப்போகிறோம், ஓதம் ஏறாத கல் என்று ஏதோ வைத்திருக்கிறீர்களாமே என்றார். கல்லைத் தட்டிப் பார்த்தார். வெளிப்பலகையில் தண்ணீர் விட்டுப் பார்த்தார். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு விழுந்தது. அவருக்குச் சந்தோஷம்.

“ஆனா ஐயரே, தோட்டத்துத் துரை கல்லைப் பார்த்து ஒத்துக்கிட மாட்டார். ஒரு மழைக்காலம் அதுக்குள்ள மனுஷன் இருந்து காட்டணும்.”

நியாயமான பேச்சு. நானும் அதைத்தான் விரும்பினேன். நிலத்தில் இரண்டு அறைகள் கட்டினோம். ஒரே அளவு, ஒரே திசை, ஒரே மாதிரி ஓடு. ஒன்று என் கல்லில், மற்றது வெட்டுக்கல்லில். இரண்டுக்கும் நடுவில் பத்தடி இடைவெளி. ஒவ்வொன்றிலும் மஸ்லின் பையில் உப்பைக் கட்டித் தொங்கவிட்டேன். காற்றில் இருக்கிற ஈரத்தை உப்பு குடிக்கும், குடித்தால் எடை கூடும், கூடுவதைத் தராசில் நிறுத்து எழுதிவிடலாம். ஆட்களும் வேண்டும். நேசையனின் மனைவி எலிசாள், இருபத்து மூன்று வயது. நேசையனின் அக்காள் தங்கபாய், முப்பத்தைந்து வயது, விதவை. மிஷன் பள்ளியில் படித்தவள், எழுதத் தெரியும். இரண்டு பேரும் நேசையனோடு ஒரு குடிசையில் இருந்தார்கள். மழைக்காலம் முழுவதும் இங்கே இருக்கலாம் என்றேன். சந்தோஷமாக வந்தார்கள்.

வந்த அன்று நேசையன் என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

“சாமி, எலிசாளுக்குச் சின்னதுலேருந்தே இழுப்பு உண்டு. ஈரம் தட்டினா மூச்சு கிட்டாது. புது கல்லு அறையை அவளுக்கு குடுக்கணும். அக்காவுக்கு ஒண்ணும் இல்ல, அவ கருங்கல்லு மாதிரி.”

இதைச் சொல்லாமல் விடக்கூடாது. அவன் அப்படிக் கேட்டதால்தான் எனக்கு முடிவு செய்ய முடிந்தது. எலிசாளை வெட்டுக்கல் அறையில் வைத்தேன். தங்கபாயை என் கல் அறையில் வைத்தேன். ஈரம் எங்கே இருக்கிறது என்று காட்டுவதற்கு உப்பை விட அவள் நெஞ்சு நுட்பமானது என்று எனக்குப் பட்டது. டாக்டரிடம் இரண்டு பேரும் ஒரே தேகவாகு என்று சொன்னேன். நேசையனிடம், எலிசாளின் அறை ரோட்டோரமாக இருப்பதால் காற்று நன்றாக வரும் என்று சொன்னேன். என் பேச்சில் அவனுக்கு நம்பிக்கை இருந்தது.

நேசையனைப் பொன்முடிக்கு அனுப்பியதும் நான்தான். லைன்களுக்கு அஸ்திவாரம் சமன்படுத்த ஒரு நல்ல கொத்தனார் வேண்டும் என்று டாக்டர் கேட்டிருந்தார். மழை இறங்கிவிட்டால் அந்த மலைப்பாதையில் பஸ் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. இறங்கி வருவது சுலபமில்லை. மழையில் சுவரைப் பார்த்தால் கொத்தனாருக்கு எல்லாம் தெரிந்துவிடும். அவன் அங்கே இருப்பதுதான் எல்லோருக்கும் நல்லது என்று நினைத்தேன்.

மழை இடவம் பதினாறில் பிடித்தது. அந்த வருஷம் நல்ல மழை. நான் ஆபீஸுக்குப் போகுமுன் ஒருமுறையும், திரும்பும்போது ஒருமுறையும் போய் உப்பு நிறுப்பேன். மிதுனம் பிறந்தபின் ஒன்றரை மாதம் லீவு எடுத்துக்கொண்டேன். முதல் பத்து நாள் எல்லாம் எதிர்பார்த்தபடி நடந்தது. பதினோராம் நாள், என் கல் அறையின் உள்பக்கம், தங்கபாயின் பாய்க்கு மேலே, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை தெரிந்தது. தொட்டுப் பார்த்தேன். குளிர்ந்திருந்தது. தங்கபாய் குழாயடிக்குப் போயிருந்தாள். ஒரு நீள ஆணியை எடுத்துக் கறைக்குக் கீழே அடித்து உருவினேன். தண்ணீர் நூல் மாதிரி வந்தது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பதினோரு நிமிஷம் நிற்காமல் வந்தது.

வெற்றிடம் முழுக்கத் தண்ணீர். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவிலிருக்கிற சாந்து வழியாக உள்ளே போய், போக வழியில்லாமல் நின்றிருக்கிறது. வெட்டுக்கல் அறைக்குப் போய்ப் பார்த்தேன். மூன்று மணி நேரம் வெயில் அடித்திருந்தது. அந்தச் சுவர் குடித்ததையெல்லாம் வெளியே விட்டுக்கொண்டிருந்தது. எலிசாள் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். மூச்சு சாதாரணமாக இருந்தது. அன்று நிறுத்தபோது அவள் அறை உப்பு, தங்கபாய் அறை உப்பை விட மூன்று தோலா குறைவு.

ஆணித் துளையைச் சாந்து வைத்து அடைத்துவிட்டு நிலத்தின் ஓரத்தில் உட்கார்ந்தேன். என்ன செய்யலாம் என்று பொறுமையாகவே யோசித்தேன். டாக்டருக்கு உண்மையை எழுதலாம். அடுத்த வருஷம் துளை விட்டு வார்க்கலாம். ஆனால் துரை அடுத்த வருஷம் வரை காத்திருக்க மாட்டார். வேறு யாராவது வேறு ஏதாவது கல்லைக் காட்டுவார்கள். நான் மறுபடியும் டிரேசிங் துணிக்குப் போக வேண்டும். தவிர, ஒரு சின்னத் துளையின் பெயரால் அறுபத்துநான்கு குடும்பங்கள் இன்னொரு மழை மண் சுவருக்குள் கிடக்க வேண்டுமா என்றும் யோசித்தேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவர்களை நான் மறந்துவிடவில்லை.

இரண்டு அறைகளுக்கும் வித்தியாசம் வேண்டும். தானாக வராத வித்தியாசத்தை நான் கொண்டுவந்தேன். என் கல் அறையில் காலையும் மாலையும் கரிச்சட்டி வைக்கச் சொன்னேன், கொசுவுக்கு என்று. கரியும் நானே வாங்கிக் கொடுத்தேன். தங்கபாய் புத்திசாலி. மூன்றாம் நாளே கேட்டாள்.

“சாமி, இந்தச் சட்டியை எலிசாளுக்க அறையில வைக்கட்டா? அவளுக்குத்தானே குளிரு.”

“இழுப்புக்காரிக்குப் புகை ஆகாது, தங்கபாய்.”

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். சொன்னதில் தவறில்லை, புகை ஆகாதுதான்.

வெட்டுக்கல் அறையில், இரண்டு பெண்களும் ஆற்றுக்குத் துணி துவைக்கப் போயிருந்த ஒரு காலையில், ஏணி வைத்து ஏறி, ஓட்டுக்கு அடியில் பிளந்த மூங்கில் ஒன்றைச் செருகினேன். கூரையில் விழுகிற மழை, தாழ்வாரத்தில் சொட்டாமல் மூங்கில் வழியாகச் சுவரின் தலைக்குள் இறங்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. மழை இல்லாத நாட்களில் மண்ணெண்ணெய் டின்னில் கிணற்றுத் தண்ணீர் கொண்டுபோய் மேலே நின்று ஊற்றுவேன். ஒரு நாளைக்கு நான்கு டின். எல்லாம் காலையில், அவர்கள் ஆற்றுக்குப் போகிற வேளையில்தான். ஓடு மாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு யாரும் கேட்கவில்லை.

ஒரு வாரத்தில் சுவர் கறுத்தது. இரண்டாவது வாரத்தில் எலிசாளுக்கு இருமல் வந்தது. நான் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, மணிக்கு எத்தனை இருமல் என்று எண்ணி உப்பு எடைக்கு எதிரே எழுதினேன். இரண்டும் சேர்ந்து ஏறின. இவ்வளவு ஒழுங்காக ஏறும் என்று நானே எதிர்பார்க்கவில்லை.

ஒருநாள் டின்னோடு ஏணியில் நிற்கிறேன். சுள்ளென்று வெயில். எலிசாள் அன்று எழுந்திருக்க முடியாமல் உள்ளே படுத்திருந்தாள். கதவு சாத்தியிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவள் குரல் வந்தது.

“சாமியா? வெளியில மழையா சாமி?”

“ஆமாம்.”

“கதவு இடுக்கில வெயிலு காணுதே.”

“வெயிலும் மழையும் சேர்ந்து பெய்யறது.”

“அப்போ நரிக்குக் கல்யாணம்,” என்று சொல்லிச் சிரித்தாள். சிரிப்பு இருமலாகிவிட்டது. நான் டின்னைக் கையில் வைத்துக்கொண்டு அது அடங்கும் வரை காத்திருந்தேன். பிறகு மிச்சத்தை ஊற்றினேன்.

அதற்கு மறுநாள் போனபோது எலிசாளின் பாய் என் கல் அறையில் கிடந்தது. இரண்டு பேரும் கரிச்சட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். எலிசாளின் மூச்சு கொஞ்சம் இறங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்க முயன்றாள்.

“சாமி, நான் மைனிகூடக் கெடக்கட்டா? பகல்ல அங்க போய் இருந்துக்கிடுதேன்.”

கோபித்துக்கொள்ளவில்லை. நான் யாரிடமும் குரலை உயர்த்துகிற ஆள் இல்லை. அளவு கெட்டுவிடும், அளவு கெட்டால் தோட்டத்து வேலை போய்விடும், நேசையனுக்கும் அங்கே இடம் இருக்காது என்று விளக்கிச் சொன்னேன். ஆவணி பிறக்கட்டும், அப்புறம் இரண்டு அறையும் உங்களுக்கே என்றேன். எலிசாள் பாயைச் சுருட்டிக்கொண்டு தானே எழுந்து போனாள். தங்கபாய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று சாயங்காலம் ஒரு கடிதம் எழுதிக்கொண்டு வந்து, பொன்முடிக்குத் தபாலில் சேர்த்துவிடுங்கள் சாமி என்று கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன். சேர்க்கவில்லை. இதோ இருக்கிறது. ‘தம்பி, எலிசாளுக்குச் சுகமில்லை. ஐயர் நல்லவர்தான், ஆனால் இந்த அறை ஆகவில்லை. மழையைப் பார்க்காமல் உடனே வந்து கூட்டிப் போ’ என்று எழுதியிருக்கிறாள். நல்ல கையெழுத்து.

என் மனைவி அனந்தலக்ஷ்மிக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவளிடம் எதுவும் கேட்காதீர்கள். கர்க்கடகம் ஒன்றாம் தேதி எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள் எலிசாளைப் பார்த்துவிட்டாள். இரண்டு பேருமாக வீடு திரும்பினோம். வீட்டு வாசலில் நின்று கேட்டாள்:

“அந்தப் பொண்ணு கண்ணு உள்ள போயிடுத்து. நம்மாத்துக் கொல்லைக் கொட்டில்லேயாவது கொண்டுவந்து வெச்சுக்கக் கூடாதா?”

“தெருவுல என்ன சொல்லுவா?”

“தெருவுக்கு நான் பதில் சொல்லிக்கறேன்.”

“அளவு கெட்டுப்போயிடும், லக்ஷ்மி.”

“எதோட அளவு?” என்று கேட்டாள். நான் உப்பைப் பற்றி விளக்கினேன். அவள் பாதியிலேயே உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து இலையில் பரிமாறுவாள், பேசமாட்டாள். மூன்று வருஷம் ஆகிறது.

கர்க்கடகம் ஐந்தாம் தேதி டாக்டரும் துரையும் வந்தார்கள். அன்று விடியற்காலம் என் கல் அறையில் கரிச்சட்டியை எடுத்து மறைத்தேன். பை உப்பைக் கொட்டிவிட்டு, வாணலியில் வறுத்த உப்பை நிரப்பினேன். துரை என் சுவரில் கையை வைத்துப் பார்த்தார். காய்ந்திருந்தது. வெட்டுக்கல் சுவரில் கை வைத்தார். விரல் சிவந்து ஈரமாக வந்தது. கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். டாக்டர் எலிசாளின் முதுகில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார். வெளியே வந்து என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்:

“இந்தப் பிள்ளையை இன்னைக்கே ஆஸ்பத்திரியில சேர்த்திருங்க, ஐயரே. ரெண்டு பக்கமும் கட்டியிருக்கு. இனி அளவும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்.”

சரி என்றேன். துரை காரில் ஏறும்போது, டைரக்டர் ஒருவர் கொச்சியிலிருந்து பதினைந்தாம் தேதி வருகிறார், அவர் இதை இப்படியே பார்க்க வேண்டும் என்றார். இதை என்று அவர் சொன்னது சுவரையா, பெண்ணையா என்று நான் கேட்கவில்லை. டாக்டர் ஒன்று சொன்னார், துரை ஒன்று சொன்னார். கட்டடம் துரையுடையது.

பத்து நாள்தான். தாங்கிவிடுவாள் என்று நினைத்தேன் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. ஆனால் என் நோட்டில் ஏழாம் தேதிக்கு எதிரே, ‘பதினைந்து வரை சந்தேகம்’ என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். எழுதிவிட்டு ஏணியில் ஏறினேன். மழை விட்டிருந்ததால் அன்றும் நான்கு டின்.

பதினோராம் தேதி, நான் சாப்பிடப் போயிருந்தபோது, தங்கபாய் எலிசாளைத் தூக்கிக்கொண்டு என் கல் அறைக்கு வந்துவிட்டாள். நான் திரும்பி வந்தபோது வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். கையில் அரிவாள்மணை. “இவ இங்கதான் கெடப்பா. சாமி போங்க,” என்றாள். நான் வற்புறுத்தவில்லை. அவளே ஆள் பிடித்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போக ஏற்பாடு செய்துகொண்டிருந்தாள். மறுநாள் காலை, ஆட்கள் கட்டிலோடு வருவதற்குள், எலிசாள் இறந்துவிட்டாள். என் கல் அறையில், கரிச்சட்டிக்குப் பக்கத்தில். தங்கபாய் அழவில்லை. எலிசாளின் ஈரப் பாயை வெளியே கொண்டுவந்து வெயிலில் விரித்துப் போட்டுவிட்டு, அதன் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

நேசையனுக்குத் தந்தி கொடுத்தேன். அவன் வந்து சேர அடுத்த நாள் மத்தியானம் ஆகிவிட்டது. பாதி மலையை நடந்தே இறங்கியிருக்கிறான், முழங்கால் வரை சேறு. அவளைப் புதைத்த இடத்தைப் பார்த்துவிட்டு வந்து என் எதிரில் நின்றான். மூங்கிலை அதற்குள் எடுத்துவிட்டிருந்தேன்.

“புது கல்லு அறையிலயா சாமி அவ செத்தா?”

“ஆமாம், நேசையா. அங்கேதான்.”

அவன் போய் அந்தச் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றான். நான் சொன்னது பொய்யில்லை. அவள் அங்கே ஒரே ஒரு நாள்தான் இருந்தாள் என்று சேர்த்துச் சொல்லவில்லை. தங்கபாய்க்கும் வெளியே எடுத்துச் சொல்ல எதுவும் இல்லை. ஈர அறையிலிருந்து எலிசாளைக் கூட்டிப் போகச் சொல்லித் தம்பிக்கு எழுதியதும், அவன் வராததும் மட்டும்தான் அவளுக்குத் தெரியும். கடிதம் மலையில் எங்கோ தொலைந்துபோனது என்று இரண்டு பேரும் நம்பினார்கள்.

டைரக்டர் சொன்னபடி பதினைந்தாம் தேதி வந்தார். காலியாகக் கிடந்த வெட்டுக்கல் அறையின் சுவரைப் பார்த்தார், என் சுவரைப் பார்த்தார். ஐந்து நிமிஷத்தில் சம்மதித்துவிட்டார். யாராவது அங்கே இருந்தார்களா என்றுகூடக் கேட்கவில்லை. சுவர் மட்டுமே போதுமாக இருந்தது என்று அப்போது தெரிந்தது. முன்பே தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த வேனலில் பொன்முடியில் அறுபத்துநான்கு அறைகள் எழுந்தன. என் வரைபடம், மூலையில் என் பெயர். அதில் துளை போடவில்லை. ஒத்துக்கொண்ட வரைபடத்தில் புதிதாகத் துளை போட்டால் ஏன் என்று கேட்பார்கள். கட்டியவன் நேசையன். வேலை கிடைத்ததே என்று அக்காளையும் அங்கேயே அழைத்துக்கொண்டு போய்விட்டான்.

இன்று காலையில் நீங்கள் அவனுடைய புகாரை எனக்குப் படித்துக் காட்டினீர்கள். தங்கபாய்தான் எழுதியிருக்கிறாள், கையெழுத்து தெரிகிறது. கடைசி நாளில் தான் எலிசாளைத் தூக்கிவந்து கிடத்திய அறைதான் அவளை முடித்தது என்று அவளும் நம்பிவிட்டாள் போலிருக்கிறது. இரண்டு மழைக்காலத்தில் லைன்களில் பதினொரு பேர் நெஞ்சு கட்டி இறந்திருக்கிறார்கள், அதில் நாலு பேர் குழந்தைகள். நேசையன் சந்தேகப்பட்டு ஒரு கல்லை உடைத்திருக்கிறான். உள்ளிருந்து ஒரு குடம் தண்ணீர் கொட்டியது என்கிறான். தன் மனைவியும் இதே கல் அறையில்தான் செத்தாள், இந்தக் கல்தான் அவளைக் கொன்றது, இடவப்பாதிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, அதற்குள் எல்லோரையும் வெளியே கொண்டுவந்துவிட வேண்டும் என்று கேட்டிருக்கிறான்.

நீங்கள் என்னிடம் மரியாதையாக நடந்துகொண்டீர்கள். சுவர் கசிந்ததற்கு யாரையும் ஜெயிலில் போட முடியாது, தெரிந்ததைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்றீர்கள். போயிருக்கலாம். ஆனால் ‘இந்தக் கல்தான் அவளைக் கொன்றது’ என்று ஒரு சர்க்கார் காகிதத்தில் இருக்கும்போது நான் எப்படி எழுந்து போவேன்? அது தவறு. எலிசாள் ஐம்பது நாளுக்கு மேல் இருந்தது வெட்டுக்கல் அறையில். அந்தச் சுவரும் அவளை ஒன்றும் செய்திருக்காது. தண்ணீரை நான் ஊற்றினேன். அவள் உள்ளே இருக்கிறாள் என்று தெரிந்து, இறந்துபோகலாம் என்று எழுதி வைத்துவிட்டு, ஊற்றினேன். மூங்கில் என் வீட்டுப் பரணில் இருக்கிறது. நோட்டு இதோ. கடிதமும் கொடுத்துவிட்டேன்.

ஆணித் துளையிலிருந்து தண்ணீர் வந்ததைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, அதை மட்டும் எழுத வேண்டாம். அது தொழில் விஷயம், கேஸுக்குச் சம்பந்தமில்லை. லைன்களில் இறந்தவர்களைப் பற்றியும் விசாரியுங்கள். மலையில் குளிர் அதிகம், அவர்கள் ஜன்னலைத் திறப்பதே இல்லை என்று கேள்வி.

ஆகவே அந்த வரியை அடித்துவிட்டு, ‘ஸ்ரீகண்டன் தண்ணீர் ஊற்றியதால்’ என்று மாற்றச் சொல்லுங்கள். கீழே கையெழுத்துப் போடுகிறேன். லைன்களைக் காலி செய்யவேண்டிய அவசியம் இல்லை.